மூன்று ஆண்டுகள், நான்கு பணியாளர்கள்: வீட்டு வருகைத் திட்டம் குறித்த என் அனுபவம்

அடுத்த மாதம் பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் தோழி ஒருத்தி, நான் மூன்று ஆண்டுகளாக இருந்துவரும் குழந்தை வளர்ப்பு ஆதரவுத் திட்டத்தில் தானும் சேரலாமா என்று சென்ற வாரம் கேட்டாள். அதே வாரத்தில்தான் எனக்கு நான்காவது பணியாளர் வந்து சேர்ந்தார். இவ்விரண்டும் ஒன்றாக நேராமல் இருந்திருந்தால் நான் எழுதுவது இன்னும் சற்று மென்மையாக இருந்திருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கட்டணம் இல்லை, விருப்பம் இருந்தால் சேரலாம், விலகலாம், பணியாளர் வாரம் ஒருமுறையோ இருவாரத்துக்கு ஒருமுறையோ வீட்டுக்கே வருவார் என்பதெல்லாம் இதைத் தேடிப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் நான் சேர்ந்தபோது கணவர் பிரிந்து போயிருந்தார், வேலை இல்லை, இரவில் தூக்கமும் இல்லை. திட்டத்தின் மொழியில் இதற்குப் பெயர் ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் குடும்பம்’. அந்தப் பெயர்கூட எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியதெல்லாம் அந்தப் பெயருக்கு நான் ஏன் தகுதி பெற்றேன் என்பதை ஒவ்வொரு புதிய முகத்திடமும் முதல் வரியிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததுதான். முதல் பணியாளர் பதினொரு மாதம் இருந்தார். இரண்டாமவர் பதினான்கு மாதம். பிறகு இரண்டு மாதம் யாரும் வரவில்லை. மூன்றாமவர் ஏழு மாதத்தில் போய்விட்டார், அதன்பின் மீண்டும் இரண்டு மாத இடைவெளி. அவர்கள் மீது எனக்குக் குறையில்லை, ஒப்பந்தம் முடிந்தால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் கோப்பில் என் மதிப்பெண்கள் ஒன்றுவிடாமல் ஏறியிருக்க, என் கதை மட்டும் ஒருமுறைகூட ஏறவில்லை. இந்த முறை முன்னெச்சரிக்கையாக எல்லாவற்றையும் இரண்டு தாள்களில் எழுதி வைத்திருந்து, புதியவர் அமர்ந்ததும் நீட்டினேன். அவர் நன்றி சொல்லி வாங்கி, பொறுமையாக இரு பக்கமும் படித்து, மடித்துக் கோப்பில் செருகிவிட்டு, கைக்கணினியைத் திறந்து கேட்டார்: “இது நீங்கள் திட்டமிட்ட கர்ப்பமா?” என் மகனுக்கு இரண்டு வயது ஒன்பது மாதம் ஆகிறது. கேள்வி கேட்கப்பட்டபோது அவன் அவருடைய பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

கோபத்தில் நியாயம் தவறிவிடக்கூடாது என்பதால், இந்தத் திட்டம் எனக்குத் தந்த மிகப்பெரிய மகிழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். மகனுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது இரண்டாம் பணியாளர் நாங்கள் விளையாடுவதைக் கைப்பேசியில் ஐந்து நிமிடம் படம் பிடித்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன் மூடி, அவ்வளவுதான் விளையாட்டுச் சாமான். அடுத்த வருகையில் அதை எனக்குப் போட்டுக்காட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். மூடி தரையில் விழுந்து கிடக்கிறது. “அவன் எதைப் பார்க்கிறான்?” என்றார். மூடியை என்றேன். மீண்டும் மூன்று விநாடி பின்னால் ஓட்டினார். அவன் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. நானோ மூடியை எடுத்துச் சரியான பக்கம் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் குனிந்திருந்தேன். இன்னும் சற்று ஓட்டியபோது, நான் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறேன், உடனே அவன் டப்பாவைத் தட்டுகிறான். அந்த இடத்தில் பணியாளர் குழந்தையின் குரலில் பேசினார்: “அம்மா, நீ பார்த்தாய், அதனால்தான் இன்னொரு முறை தட்டினேன்.” இந்த உத்திக்கு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் முறையான வடிவம் கொடுத்திருக்கிறார்கள் என்பதும், குழந்தைக்காகப் பேசுவது அதில் ஒரு படி என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒரு மோசமான தாய் என்று பதினொரு மாதமாக நம்பிவந்ததற்கு எதிராக, என் கைப்பேசியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது என்பதுதான்.

இனி படிவங்களுக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும், மொத்த மதிப்பெண் 30. பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. மதிப்பெண் கூடக் கூட மனச்சோர்வும் அதிகம் என்று பொருள். பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் நான் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பூச்சியம் வரும்படி குறியிட்டேன். முதல் பணியாளர் தாளைப் பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, பத்தாவது கேள்வியை மட்டும் வாய்மொழியாகத் திரும்பக் கேட்டார். கர்ப்ப காலத்திலிருந்தே என்னைத் தெரிந்தவர் என்பதால்தான் அந்தப் பூச்சியத்தை அவர் நம்பவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார், சிகிச்சையும் தொடங்கியது. மூன்றாமவர் அதே கேள்வித்தாளைக் கைக்கணினியில் நீட்டினார், நான் குறியிட்டேன், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். அப்போது உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தேன், ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆத்திரத்தில் இத்தகைய திட்டங்களின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1977இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தொடங்கிய சோதனையில், செவிலியர்கள் முதல்முறை தாயாகும் பெண்களைக் கர்ப்பத்திலிருந்து குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986–87இல் ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்கிரகர் குழுவினர் உடல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சமுதாய சுகாதார உதவியாளர்களை வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் அனுப்பினார்கள். வேண்டாமென்று ஒதுக்கிய பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயையும் குழந்தையையும் சேர்ந்து விளையாட வைத்ததுதான் அந்த ஒரு மணி நேரத்தின் வேலை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழந்தைகளின் வருமானம், இந்த வருகைகள் கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவினரைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்ததென 2014இல் வெளியிட்டார்கள். அதே சமயம், ஓல்ட்ஸின் முறையைப் பின்பற்றி இங்கிலாந்தில் 1,600க்கும் மேற்பட்ட பதின்வயதுத் தாய்மாரிடம் நடந்த சோதனையில், புகைப்பழக்கம், பிறப்பு எடை, இரண்டாண்டுக்குள் மறு கர்ப்பம், குழந்தையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்வது ஆகிய முதன்மை அளவீடுகளில் வழக்கமான சேவையைவிடப் பலன் எதுவும் கூடுதலாக இல்லை என்று 2016இல் முடிவு வந்தது. என் வீட்டில் யாராவது அளந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பத்தாவது கேள்வி திரும்பக் கேட்கப்பட்ட அந்த நாள், எந்தப் பட்டியலிலும் ‘வருகை எண் 14, 55 நிமிடம்’ என்று மட்டுமே பதிவாகியிருக்கும்.

மற்றவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொம்மை இரவல் நூலகம் நன்று. பெற்றோர் குழு வகுப்பில் சத்தம்தான் அதிகம், ஆனால் ஒரு தோழி கிடைத்தாள். உதவி எண்ணில் பெரும்பாலும் காத்திருப்பு இசைதான் கேட்கும்.

தோழிக்கு நான் அனுப்பிய பதில்: இப்போது சேராதே. சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், வருபவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அவர் போனால் புதியவர் வருவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒருமுறையாவது வீட்டுக்கு வருவார்களா என்று முதல் நாளே கேள். என் மூன்றாண்டில் அப்படி ஒரு சேர்ந்த வருகை நடந்ததே இல்லை. அந்த வீடியோ உத்தி மட்டும் வேண்டுமென்றால், கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்து ஐந்து நிமிடம் நீயே எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன்.

அவள் அதற்கு, நீ அப்படி எடுத்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். எடுத்திருக்கிறேன். யாரும் வராத கடைசி இரண்டு மாதத்தில் பதினோரு வீடியோக்கள் எடுத்தேன். எதிலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.