நாலு வருடமாக எங்கள் சுவரில் ஜார்ஜியன் காலத்துச் சீமாட்டிகள்

எடின்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில் கூரை நல்ல உயரம், சுவரெல்லாம் வெறிச்சென்று கிடந்தது. ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்து ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1783-ல் வரைந்த டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானாவின் படத்தை வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் தளத்தில் இலவசமாகவே இறக்கலாம் என்று தெரிந்ததும், கூடவே அதே காலத்து ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த லேடி எலிசபெத் டெல்மேயையும் சேர்த்து பிரிண்ட் போட்டேன்.

இரண்டு ஏ4 தாள் சேர்ந்த ஏ3 அளவில் போட்டதுதான் பெரிய தப்பு. ஜார்ஜியானாவின் மூலப்படம் 2 மீட்டருக்கு மேல் உயரம், ஆள் முழுசாக நிற்கிற படம், அதைச் சுருக்கினால் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்து காலண்டர் படம் மாதிரி ஆகிவிடுகிறது. கெய்ன்ஸ்பரோவின் தூரிகைக் கோடுகள் கிட்டே பார்த்தால் கிறுக்கல், பத்தடி தள்ளி நின்றால்தான் பட்டும் லேஸுமாகத் திரளும். அதனால் சின்னதாக நாலு வாங்குவதைவிட, ஒரு மீட்டர் உயரத்தில் ஒன்றே ஒன்று போதும்.

ஆணி அடிக்க அனுமதி இல்லை. கூரைக்குக் கொஞ்சம் கீழே சுவரைச் சுற்றி ஓடும் மரச்சட்டத்தில் கொக்கி மாட்டிக் கம்பியில் தொங்கவிட்டேன், படம் லேசாக முன்னால் சாய்வதால் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிப்பதும் குறைந்தது.

டெல்மே படம் தெற்கு ஜன்னலுக்கு எதிரே இருந்தது. இரண்டே கோடையில் கன்னத்துச் சிவப்பு போய் முகம் வெளிறிவிட்டது. ரெனால்ட்ஸ் பயன்படுத்திய சில சிவப்புகள் அவர் காலத்திலேயே வெளிறி, வரையச் சொன்னவர்கள் குறைப்பட்டார்களாம்! இப்போது எளிதில் வெளிறாத பிக்மென்ட் மையில்தான் போடுகிறேன், வெயில் படாத சுவரில்தான் மாட்டுகிறேன்.

கடைசியாக வந்தது மிஸஸ் கிரஹாம். கேத்கார்ட் பிரபுவின் மகள் மேரி, இதுவும் கெய்ன்ஸ்பரோதான், 1777-ல் ராயல் அகாடமியில் வைத்த படம். 1792-ல் அவர் இறந்ததும் கணவர் தாமஸ் கிரஹாமுக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே மனம் தாங்கவில்லை, கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டார். 1859-ல்தான் இங்கே எடின்பரோவில் உள்ள நேஷனல் கேலரிக்கு வந்தது. இது தெரிந்த பிறகு, சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டிய அந்த முகத்தை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை. அவர் நம்மைப் பார்ப்பதும் இல்லை, பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறார், அதனாலேயே தினமும் கூட இருக்க முடிகிறது.

மாதம் ஒரு தடவையாவது கேலரிக்குப் போய் மூலத்தைப் பார்த்துவிட்டு வருவேன். என் பிரிண்டில் உள்பாவாடையின் சிவப்பு கொஞ்சம் பழுப்படிக்கிறது. அடுத்த வாரம் அதைத் திருத்தி மறுபடி போடக் கொடுத்திருக்கிறேன்.