ஃப்ளூ தடுப்பூசியும் அதன் பின்னால் வந்த சளியும்: மூன்றாண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

தொடர்ந்து மூன்று ஆண்டுகளாக ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டு வருகிறேன். முதல் ஆண்டு, ஊசி போட்ட இரண்டாம் நாளே சளி பிடித்தது. இரண்டாம் ஆண்டு இரண்டு முறை மூக்கொழுகியது. அது போதாதென்று ஃப்ளூவே ஒரு முறை வந்துவிட்டுப் போனது. மூன்றாம் ஆண்டு, சளியோடுதான் ஊசி போட்டுக்கொள்ளவே போனேன். இந்தக் கணக்கைக் கேட்ட அலுவலக நண்பர், "அப்புறம் எதுக்குங்க வருஷா வருஷம் போய்க் குத்திக்கிறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். மருந்தையும் அதைப் போடுகிற கிளினிக்கையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: மருந்து தான் செய்ய வேண்டிய வேலையை ஓரளவு நன்றாகவே செய்கிறது, ஆனால் அது செய்யாத ஒரு வேலையின் பெயரைச் சொல்லித்தான் அதைப் போடுகிறார்கள், அந்தப் பெயரை நம்பித்தான் நாமும் போட்டுக்கொள்கிறோம்.

கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருந்தவர் என் அட்டையில் எழுதியது "சளி ஊசி" என்று. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மூக்கு ஒழுகினாலும் நமக்குச் சளி, நெஞ்சு கட்டினாலும் சளி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் நான்கு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாலும் சளிக்காய்ச்சல். பேச்சில் இதனால் ஒரு நட்டமும் இல்லை. தடுப்பூசி என்று வரும்போதுதான் இந்தத் தாராளம் உதைக்கிறது. சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். அவற்றில் ரைனோவைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஏறத்தாழப் பாதிச் சளிக்கு அதுவே காரணம். மீதியைக் கோவிட்டுக்கு வெகுகாலம் முன்பிருந்தே மனிதரிடம் உலவும் நான்கு கொரோனா வைரஸ்களும், அடினோவைரஸ், ஆர்.எஸ்.வி., பாராஇன்ஃப்ளூயன்சா போன்றவையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. (பாராஇன்ஃப்ளூயன்சா என்ற பெயரில் ஃப்ளூவின் முழுப்பெயரான இன்ஃப்ளூயன்சா ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஃப்ளூ ஊசிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) நான் போட்டுக்கொண்ட ஊசி இவற்றில் எதையும் தடுப்பதாகத் தன் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஓரிடத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை. அது குறிவைப்பது இன்ஃப்ளூயன்சா வைரஸின் மூன்று வகைகளை மட்டுமே: ஏ வகையில் எச்1என்1, எச்3என்2, பி வகையில் விக்டோரியா. முன்பு யமகட்டா என்ற நான்காவது ஒன்றும் சேர்ந்திருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த வகை எங்கும் உறுதியாகத் தென்படாததால், அது இனித் தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மருந்து ஏற்கெனவே நிரப்பப்பட்டு வரும் சிறிய சிரிஞ்சு அது; உள்ளே அரை மில்லிலிட்டர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த செவிலியர் அதை உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து, மெல்லக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேற்கையின் தசையில் போட்டார். இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து இது. உறைந்து போனால் பயன்படாது. பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளைப் போலவே இதுவும் கோழிமுட்டையில் வைரஸை வளர்த்து, வேதிப்பொருளால் அதைச் செயலிழக்கச் செய்து, உடைத்துப் பிரித்து, அதன் மேற்பரப்புப் புரதத்தை எடுத்துத் தயாரிக்கப்படுவது. வகைக்குப் பதினைந்து மைக்ரோகிராம். உயிருள்ள வைரஸ் இதில் இல்லை என்பதால், இந்த ஊசி ஃப்ளூவைக் கொண்டுவரவும் முடியாது, சளியைக் கொண்டுவரவும் முடியாது.

பிறகு முதல் ஆண்டு இரண்டாம் நாளே எனக்கு வந்தது என்ன? குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததால் சரிபார்க்க முடிந்தது. வியாழன் மாலை ஊசி. அன்று இரவே கை வலித்தது; அந்தப் பக்கமாகப் புரண்டு படுக்க முடியவில்லை. வெள்ளி காலை உடம்பு லேசாகக் கனத்தது, வெப்பமானியில் காய்ச்சல் இல்லை. சனிக்கிழமை தொண்டையில் ஒரு கரகரப்பு, மதியத்துக்குள் அடுக்குத் தும்மல், இரவில் மூக்கு முழுவதும் அடைத்துவிட்டது. கைவலியும் உடல் கனமும் ஊசியின் கணக்கில் சேர வேண்டியவை. புதிய புரதத்தைக் கண்ட நோய் எதிர்ப்பு மண்டலம் வேலையைத் தொடங்கியதன் அறிகுறிகள் அவை, ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். மூக்கொழுகலும் தும்மலும் அப்படி அல்ல. சளியில் அவை வருவது மூக்கின் உட்சவ்வில் ஒரு வைரஸ் பெருகுவதால். தோள் தசையில் செலுத்திய செயலிழந்த புரதம் மூக்குக்குள் போய்ப் பெருகுவதற்கு வழியே கிடையாது. அதே வாரம் செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளியிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்ததும் குறிப்பேட்டில் இருக்கிறது. ஜலதோஷ வைரஸ் உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். கணக்கு யார் பக்கம் நிற்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழி காக்கையின் மேல் விழுந்துவிட்டது.

மகள்தான் தந்தாள் என்று உறுதியாகவும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கிளினிக்கும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. இந்தச் சேவையில் என் பெரிய குறையே இதுதான். ஊசிக்கு வந்தவர்களையும் இருமலோடு வந்தவர்களையும் ஒரே அறையில், சன்னல்கள் மூடிய நிலையில், நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். எனக்கு எதிரே இருந்த பெரியவர் கைக்குட்டையை எடுக்க நேரமில்லாமல் நான்கு முறை தும்மினார். ஊசி போட்ட பிறகு மயக்கமோ ஒவ்வாமையோ வருகிறதா என்று பார்ப்பதற்காகப் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னதும் அதே அறையில்தான். காத்திருக்கச் சொன்னது சரி, இடம்தான் தவறு. தடுப்பூசி போட்டதும் சளி பிடிக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு பங்கை இப்படிப்பட்ட அறைகளே உற்பத்தி செய்து அனுப்புகின்றன என்று நினைக்கிறேன். இதோடு, ஃப்ளூ பரவும் காலத்துக்கு முன்னதாக ஊசி போடப்படுவதும், சாதாரணச் சளிகள் அந்த நேரத்தில்தான் பெருகத் தொடங்குவதும் சேர்ந்துகொள்கின்றன.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஊசியாக அன்றி மூக்கில் பீய்ச்சும் ஃப்ளூ தடுப்பு மருந்தும் உண்டு. அதில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். மூக்கின் குளிர்ந்த சூழலில் மட்டும் பெருகி, நுரையீரலின் வெப்பத்தில் பெருக முடியாதபடி மாற்றப்பட்டது. அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு மூக்கொழுகலும் அடைப்பும் இரண்டொரு நாள் இருக்கலாம். "தடுப்பு மருந்தால் மூக்கொழுகியது" என்று ஒருவர் சொன்னால், எந்த மருந்து என்று கேட்காமல் அவரை மறுத்துவிடக் கூடாது.

என் ஒருவனின் குறிப்பேட்டை விட நம்பத்தக்க சான்று வேண்டுமென்றால், அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 1994-95 பருவத்தில் நடந்த சோதனையைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். ஆரோக்கியமாக வேலைக்குப் போய்வரும் 849 பேரில் பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும், யாருக்கு எது என்று தெரியாமல் போடப்பட்டன. ஊசியின் பக்கவிளைவுகளைப் பார்த்தபோது, கைவலி மட்டுமே தடுப்பூசிக்காரர்களிடம் தெளிவாக அதிகமாக இருந்தது. காய்ச்சல், உடல்வலி, சோர்வு போன்றவற்றை இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் சொன்னார்கள். அதாவது வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களும் "ஊசியால் உடம்பு சரியில்லை" என்று நினைத்திருக்கிறார்கள். பருவம் முடிந்து எண்ணியபோது, மூக்கு, தொண்டை சார்ந்த நோய்கள் தடுப்பூசிக்காரர்களிடம் 25 சதவீதமும், அதற்காக எடுத்த விடுப்பு நாட்கள் 43 சதவீதமும் குறைவாக இருந்தன. முதல் எண் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் அது மிகையாக எதையும் சொல்லவில்லை. சளி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் ஃப்ளூ. அந்தப் பகுதியை ஊசி குறைக்கிறது. மீதி முக்கால் பங்கு அப்படியே வரும்.

எதிர்த்தரப்பிலும் ஓர் ஆய்வு உண்டு, அதை மறைப்பது முறையல்ல. ஹாங்காங்கில் 115 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஃப்ளூ அல்லாத பிற சுவாச வைரஸ்கள் கூடுதலாகக் காணப்பட்டன. ஒரு வைரஸ் தொற்றினால் சில காலம் மற்ற வைரஸ்களுக்கும் பொதுவான ஒரு தடை உடலில் எழலாம், ஊசியால் ஃப்ளூ வராதவர்களுக்கு அந்தத் தடை கிடைக்காமல் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு விளக்கம். அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து வந்த, அதைவிடப் பெரிய ஆய்வில் இத்தகைய தொடர்பு தென்படவில்லை. நூற்றுப் பதினைந்து பேரை வைத்து ஊசியைக் கைவிட நான் தயாரில்லை.

சளிக்கே தனி ஊசி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு, இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இயங்கியதைச் சொல்லலாம். தன்னார்வலர்கள் அங்கே போய்த் தங்கி, மூக்கில் வைரஸ் சொட்டுகளை விட்டுக்கொண்டு, தும்முவதற்காகக் காத்திருந்தார்கள். நாற்பத்து நான்கு ஆண்டு உழைப்பில் சளியைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொண்டார்கள். ஊசி மட்டும் கிடைக்கவில்லை. ரைனோவைரஸின் ஒரு வகைக்கு எதிரான பாதுகாப்பு இன்னொரு வகைக்குப் பெரும்பாலும் உதவாது என்பதே முட்டுக்கட்டை. 2016-இல் ஐம்பது வகைகளை ஒன்றாகக் கலந்து குரங்குகளுக்குக் கொடுத்து எதிர்ப்புப் பொருள் உருவாவதைக் காட்டினார்கள். குரங்கிலிருந்து கிளினிக்கின் குளிர்பெட்டிக்கு வந்து சேர வழி நீளம்.

இனி மருந்தின் உண்மையான குறைகள். ஊசி போட்ட உடனே பாதுகாப்பு தொடங்குவதில்லை; ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் ஃப்ளூவே வந்தாலும் ஊசியைக் குறை சொல்ல முடியாது, ஆனால் இதை என்னிடம் கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் பருவத்துக்குப் பல மாதங்கள் முன்பே, வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் பரிந்துரைக்கிறது. அதற்குள் வைரஸ் மாறிவிட்டால் பொருத்தம் கெடும். நன்கு பொருந்திய ஆண்டுகளில் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும் இந்த ஊசி, எச்3என்2 மாறிப்போன 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் 19 சதவீதம் மட்டுமே பயன் தந்தது. ஆண்டுதோறும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் குறையாகவே நான் சேர்ப்பேன். எனக்கு இரண்டாம் ஆண்டு பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ மூன்றாம் நாளே தணிந்தது; ஊசி போடாத காலத்தில் ஒரு முறை ஒன்பது நாள் கிடந்தவன் நான். ஊசியால்தான் தணிந்தது என்று என் ஒரு உடம்பை வைத்து நிரூபிக்க முடியாது. இருந்தாலும் ஆறு நாள் வித்தியாசம் மனத்தில் நிற்கிறது.

மூன்றாம் ஆண்டுச் செய்தி சுருக்கமானது. லேசான மூக்கொழுகலோடு போனேன். வரவேற்பு மேசையில், "சளி இருந்தா ஊசி போடக் கூடாதுங்க, சரியானதும் வாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அது தவறு. காய்ச்சல் இல்லாத சாதாரணச் சளி ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது; உடல்நிலை ஓரளவுக்கு மேல் மோசமாக இருந்தால்தான் தேறும்வரை பொறுக்க வேண்டும். நல்லவேளையாகச் செவிலியர் வந்து, காய்ச்சல் பார்த்து, "இதுக்கெல்லாம் திரும்பிப் போகாதீங்க சார், உட்காருங்க" என்று போட்டுவிட்டார். இந்தக் கிளினிக்கில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்த ஒரு வாக்கியம்தான்.

முதியவர்கள், கருவுற்றவர்கள், நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு ஃப்ளூ என்பது மூக்கொழுகலோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. மருத்துவரிடம் கேட்டுவிட்டு இந்த ஊசியை அவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்றே பரிந்துரைக்கிறேன். மருந்துக்கு ஐந்தில் நான்கு தருவேன். கிளினிக்கிற்கு இரண்டரை, அதில் பெரும்பங்கு அந்தச் செவிலியருக்கு. அடுத்த ஆண்டு காலையில் முதல் ஆளாக, காத்திருப்பு அறை நிரம்புவதற்கு முன் போய்விடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். அட்டையில் இம்முறையும் "சளி ஊசி" என்றே எழுதினார்கள். பேனாவை வாங்கி அடித்துவிட்டு "ஃப்ளூ" என்று நானே திருத்தினேன்.