புரவலராகச் சேர்ந்து சாகசங்களை எழுத வைப்பது: பல வருட அனுபவம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கான சாகசங்களை, எழுதி முடிப்பதற்கு முன்பே பணம் கொடுத்து எழுத வைக்கும் முறையில் பல வருடங்களாக இருக்கிறேன். இணையத்தில் பணம் திரட்டும் தளங்களான கிக்ஸ்டார்ட்டர், பேட்ரியான் இரண்டிலும் பணம் போட்டிருக்கிறேன். சில சாகசங்கள் அச்சுக்குப் போகும் முன் எங்கள் குழுவில் ஓடியிருக்கின்றன. சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புத்தகம் மட்டும் வேண்டுமென்றால் பொறுத்திருந்து கடையில் வாங்குங்கள். எழுதுகிறவர் எப்படி யோசிக்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்றால் சேருங்கள். அந்த இரண்டாவது ஆசைக்காகத்தான் இந்த முறையே உருவானது.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சாகசம் என்பது, ஆட்டத்தை நடத்துகிறவரான கேம் மாஸ்டர் கையில் வைத்துக்கொள்ளும் நூல். இடங்கள், வரைபடங்கள், ஆட்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரோடு பகை, சண்டை வந்தால் எதிரிகளின் பலம் என்ன, எல்லாம் அதில் இருக்கும். கதையை நடத்திப் போவது ஆட்டக்காரர்கள்தான். அதனால் படிக்க நன்றாக இருக்கும் சாகசம் ஆடும்போதும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆடிப் பார்த்துத்தான் தெரியும். புரவலர் முறையின் பலம் இங்கேதான் இருக்கிறது.

இதை இந்தத் துறையில் ஊன்றி நிறுத்தியவர் வுல்ஃப்காங் பவுர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தில் இருந்தவர், டஞ்சன் இதழின் ஆசிரியராகவும் இருந்தவர். 2006-ல் ஓப்பன் டிசைன் என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். கிக்ஸ்டார்ட்டர் வந்தது 2009-ல், பேட்ரியான் 2013-ல் என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் எவ்வளவு முன்னால் நின்றார் என்று புரியும். புரவலர்கள் முன்பணம் கட்டுவார்கள். தேவையான தொகை சேர்ந்ததும் அவர் எழுத ஆரம்பிப்பார். எழுதும்போதே யோசனைகளைப் புரவலர்கள் முன்னால் வைப்பார், வாக்கெடுப்பு நடத்துவார், ஏன் இப்படி எழுதினேன், ஏன் அதை வெட்டினேன் என்று கட்டுரைகள் எழுதுவார். ஆரம்பத்தில் வந்த சாகசங்கள் புரவலர்களுக்கு மட்டுமே கிடைத்தன. 2008-ல் ஆட்டத் துறையின் டயானா ஜோன்ஸ் விருது, கிரே ரேங்க்ஸ் என்ற ஆட்டத்தோடு சேர்த்து ஓப்பன் டிசைனுக்கும் வழங்கப்பட்டது. அந்த முயற்சியில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய கோபோல்ட் பிரஸ் பதிப்பகம்.

பணம் முதலில், படைப்பு பிறகு என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்தது. கணினிப் பாதுகாப்பு வல்லுநர்களான ஜான் கெல்சியும் புரூஸ் ஷ்னையரும் 1999-லேயே தெருக்கலைஞர் நெறிமுறை என்று ஒன்றை எழுதியிருக்கிறார்கள். கேட்ட தொகை சேர்ந்தால் படைப்பு எல்லோருக்கும் பொதுவாக வெளியாகும் என்பது அதன் சாரம். ஆட்ட வடிவமைப்பாளர் கிரெக் ஸ்டோல்ஸி அதையே பிணைத்தொகை முறை என்று சிறிய ஆட்டங்களுக்குப் பயன்படுத்தினார். ஆனால் அந்த இரண்டிலும் பணம் கொடுப்பவர் வாசலில்தான் நிற்கிறார். பவுர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். என்னைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் அதுதான்.

ஓப்பன் டிசைன் நடந்தபோது நான் அதில் இல்லை. அங்கே பிறந்த ஒரு சாகசத்தைப் பிற்பாடு நடத்தினேன்: கோர்ட்ஸ் ஆஃப் தி ஷேடோ ஃபே. முதலில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு விதிகளுக்கு வந்து, பிறகு ஐந்தாம் பதிப்புக்குத் திருத்தப்பட்டது. சோபெக் என்ற சுதந்திர நகரத்தை, பழைய உடன்படிக்கை ஒன்றைக் காட்டி நிழல் தேவதைகள் உரிமை கொண்டாடுகிறார்கள். நகரத்தைக் காப்பாற்ற ஆட்டக்காரர்கள் அவர்களுடைய அரசவைக்கே போக வேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அந்தஸ்து எண் உண்டு. உபசாரம், துவந்த யுத்தம், வதந்தி, உதவி என்று எதைச் செய்தாலும் அந்த எண் ஏறும் அல்லது இறங்கும். அது உயராமல் ராணியைப் பார்க்க முடியாது. எங்கள் குழுவில் எப்போதும் முதலில் கத்தியை உருவுகிற நண்பன் அன்று வாயடைத்துப் போனான். “யாரை வெட்டணும்னு பார்க்கிறதை விட யார்கிட்ட முதல்ல பேசணும்னு பார்க்க வேண்டியிருக்கு மச்சி” என்றான். எதிர்பாராத கேள்விகளை ஆட்டக்காரர்கள் எத்தனை கேட்டாலும் அந்த அவையில் யாராவது ஒருவரிடம் அதற்குப் பதில் இருந்தது. பல கேம் மாஸ்டர்கள் கூடிப் பேசிய இடத்தில் உருவான சாகசம் என்பது அதில் தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு கிக்ஸ்டார்ட்டர் பெரிதானது. பணம் வந்தது, தரமான தாள் வந்தது, முழு வண்ணப் படங்கள் வந்தன. 2021-ல் அவதார் லெஜண்ட்ஸ் ஆட்டத்துக்கு 80,000-க்கும் அதிகமானவர்கள் சேர்ந்து சுமார் 95 லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் சரியான கூலி கொடுக்க இந்தப் பணம் உதவுகிறது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எண்பதாயிரம் பேரிடம் உட்கார்ந்து பேச முடியாது. பெரிய திட்டங்களில் பணம் திரட்டும் பிரச்சாரம் தொடங்கும்போதே எழுத்து பெரும்பாலும் முடிந்திருக்கும். நாம் செய்வது முன்பதிவு. அதில் தவறில்லை. ஆனால் அதைப் புரவலர் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எனக்குப் பிடிக்காத இன்னொன்று ஸ்ட்ரெட்ச் கோல். குறித்த தொகையைத் தாண்டினால் கூடுதலாக ஓர் அத்தியாயம், இன்னும் தாண்டினால் இன்னொரு சாகசம் என்று நீட்டிக்கொண்டே போவது. ஒவ்வொன்றையும் யாரோ எழுத வேண்டும், ஆடிப் பார்க்க வேண்டும், திருத்த வேண்டும். ஆடிப் பார்ப்பதுதான் முதலில் விடுபடுகிறது. அப்படி நீண்ட ஒரு திட்டத்தில் நான் பணம் போட்டேன். சொன்ன தேதி தாண்டி வருடங்கள் ஓடின, கடிதங்கள் குறைந்தன, புத்தகம் வரவே இல்லை. கிக்ஸ்டார்ட்டர் தன்னைக் கடை என்று சொல்லிக்கொள்வதில்லை. திட்டம் வென்றால் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணம் திட்டக்காரர் கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நடைமுறையில் நமக்கும் அவருக்கும் இடையே இருப்பது அவர் கொடுத்த வாக்குறுதி மட்டும்தான். அதனால் அவர் இதற்கு முன் எதை முடித்துக் கொடுத்திருக்கிறார் என்று பார்ப்பதைத்தான் முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

வாக்கெடுப்புகள் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லன் யார், கதை எங்கே நடக்கும் என்று புரவலர்களைக் கேட்பது கேட்க இனிமையாக இருக்கும். நான் பார்த்தவரை கூட்டம் எப்போதும் பளபளப்பானதைத்தான் தேர்ந்தெடுக்கும். டிராகனும் கிராமத்துக் கணக்குப்பிள்ளையும் போட்டியிட்டால் டிராகன்தான் ஜெயிக்கும், கணக்குப்பிள்ளையின் கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. நல்ல வடிவமைப்பாளர் இரண்டில் எது வந்தாலும் தன்னால் நன்றாக எழுத முடியும் என்ற இடத்தில்தான் வாக்குக் கேட்கிறார். மற்றதை அவரே முடிவு செய்கிறார். பேனா ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். வாக்கெடுப்பே நடத்தாத, ஆனால் வந்த ஒவ்வொரு குறிப்பையும் படித்துப் பதில் எழுதிய ஒருவரின் திட்டத்தில்தான் எனக்கு அதிகத் திருப்தி கிடைத்தது.

அந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலைமேல் ஒரு மடாலயம், அங்கே ஒரு கொலை. பிளேடெஸ்டுக்கு, அதாவது அச்சுக்கு முன் ஆடிப் பார்க்க, வந்த கோப்பில் படம் கிடையாது, வரைபடம் கையால் கிறுக்கியது, சில இடங்களில் ‘இங்கே ஏதாவது வேண்டும்’ என்று மட்டும் இருந்தது. கொலையில் இருந்து அடுத்த கட்டத்துக்குப் போக ஒரே ஒரு கடிதம்தான் வழி. அது மூத்த துறவியின் அறையில், பூட்டிய பெட்டிக்குள். எங்கள் ஆட்கள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. சமையலறையையும் தொழுவத்தையும் அலசினார்கள், வாயிற்காவலனைத் துளைத்து எடுத்தார்கள். அவனுக்கோ எழுத்தில் பெயர் கூட இல்லை. இதை அப்படியே எழுதி அனுப்பினேன்: எங்கே நின்றார்கள், யாரிடம் என்ன கேட்டார்கள், நான் எதற்குப் பதில் இல்லாமல் திணறினேன், எந்தச் சண்டை இரண்டே சுற்றில் முடிந்துவிட்டது. அடுத்த கோப்பில் அதே தகவல் மூன்று இடங்களில் இருந்தது. ஒன்று கடிதம், இன்னொன்று சமையலறைக் கணக்கேட்டில் கிழிந்த பக்கம், மூன்றாவது அந்தக் காவலன். இப்போது அவனுக்குப் பெயர் இருந்தது, இரவில் யார் வெளியே போனார்கள் என்ற நினைவும் இருந்தது. அச்சில் அந்தப் பத்தியைப் பார்த்தபோது எங்கள் குழு முழுக்கச் சந்தோஷப்பட்டது. எந்தக் கடையிலும் இதை வாங்க முடியாது.

வடிவமைப்பாளருக்கு ‘நன்றாக இருந்தது’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. ஆட்டம் தேங்கிய இடத்தைச் சொன்னால் போதும், எப்படிச் சரிசெய்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். தீர்வையும் சேர்த்து நீளமாக எழுதும் புரவலர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் இன்னொரு முறை ஆடிப் பார்த்து எழுதினால் அதிக உதவியாக இருக்கும்.

பேட்ரியான் வேறு மாதிரி. மாதாமாதம் சிறிய தொகை, மாதாமாதம் சிறிய படைப்பு. முழு நீளச் சாகசத்துக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை, துண்டு துண்டாக வந்து சேர்வதற்குள் நடத்தும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. வரைபடங்களுக்கு அருமையாகப் பொருந்துகிறது. டைசன் லோகோஸின் கருப்பு வெள்ளை வரைபடங்களைப் பலர் அறிந்திருப்பீர்கள். புரவலர்களின் ஆதரவால் அவற்றில் பலவற்றை வணிக வெளியீடுகளிலும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமையோடு அவர் வெளியிடுகிறார். பணம் கட்டாதவருக்கும் பயன் போய்ச் சேர்கிறது. இதற்குப் பணம் போடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நம் ஊரில் இருந்து சேர்வதில் ஒரு சிரமம் உண்டு. கெட்டி அட்டைப் புத்தகத்தை அமெரிக்காவில் இருந்து வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையை எட்டிப்பிடிக்கும். சில திட்டங்களில் அந்தச் செலவைப் பிரச்சாரம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் சொல்கிறார்கள். நான் இப்போது பிடிஎஃப் வகையில் மட்டும்தான் சேர்கிறேன். ஆட்டம் இணையத்தில் நடப்பதால் எங்களுக்கு அதுவே வசதி.

பெரிய பிரச்சாரங்களில் சேர்வதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். 2019 பிப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கிய, ஜீன் எனப்படும் சிறு கையேடுகளுக்கான ஜீன் குவெஸ்ட்டில் வரும் சின்னஞ்சிறு வெளியீடுகளைத்தான் இப்போது தேடிப் பார்க்கிறேன். ஒருவரோ இருவரோ எழுதுவது, பக்கங்கள் குறைவு, ஸ்ட்ரெட்ச் கோல் அதிகம் இருக்காது, கேள்வி கேட்டால் எழுதியவரே பதில் போடுவார். முதல் முறை சேர்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பிளேடெஸ்ட் உண்டா என்று பணம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். உண்டு என்றால், கோப்பு கைக்கு வந்த அந்த வாரக் கடைசியிலேயே உங்கள் குழுவைக் கூட்டி ஆடிவிடுங்கள். எழுத்து இறுகிய பிறகு போகும் குறிப்பை வைத்து அவரால் அதிகம் மாற்ற முடியாது.