பரீட்சை மேசையா, நிகழ்ச்சி மேசையா?

மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. இப்படியான கலைப்பீட அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர நினைப்பவர் இரண்டு மேசைகளை, அதாவது இரண்டு வேலைப் பிரிவுகளை, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பரீட்சை மேசையில் பதிவு, புள்ளிப் பட்டியல், கோவை (கோப்பு) எல்லாம் உண்டு. ஆனால் பெரிய வேலை செய்முறைப் பரீட்சைதான். பாடுகிற பிள்ளைக்கு வயலினும் மிருதங்கமும் வேண்டும், பரீட்சகர் வரவேண்டும், பக்கவாத்தியக்காரரின் கொடுப்பனவுக்குப் பத்திரம் எழுதவேண்டும். மிருதங்க வித்துவான் அரை மணி பிந்தினால் அன்றைய நேர அட்டவணையே குலைந்துவிடும்.

நிகழ்ச்சி மேசையில் மண்டபம், ஒலிபெருக்கி, அழைப்பிதழ். இரவிலும் நிற்கவேண்டும்.

நான் பரீட்சை மேசையைத்தான் சொல்வேன். நாலு வருடம் சாதகம் (இசைப் பயிற்சி) பண்ணிய பிள்ளையின் புள்ளி பிழையில்லாமல் பதியப்படுவது அங்கேதான்.