கண்ணில் மச்சம்: லேசரா, வெட்டா, படமெடுத்துக் காத்திருப்பதா?

மகளின் இடது கண்ணில், கருவிழியின் வெளி ஓரத்தை ஒட்டி, வெள்ளை விழிமேல் ஒரு பழுப்பு மச்சம். ஏழு வயதில் கவனித்தோம், பன்னிரண்டில் கருத்துவிட்டது. "செல்ஃபியில அது மட்டும்தான்மா தெரியுது, எடுத்துடலாமா?" என்றாள். நாங்கள் எடுக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை படமெடுத்துப் பார்த்துவருகிறோம்.

யார் வழியில் வந்தது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பொதுவாக இது பரம்பரையாக வருவதில்லை. நிறமி செல் ஒன்றில் பிற்பாடு தானாக நேரும் மரபணு மாற்றம்தான் காரணம். வெள்ளை விழி மச்சங்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் மரபணு மாறியிருக்கும். தோல் மச்சங்களிலும் பெரும்பாலும் மாறுவது அதே மரபணுதான். விழித்திரைக்கு அடியில் வரும் மச்சத்தில் மாறுவது ஜிஎன்ஏகியூ, ஜிஎன்ஏ11 என்ற வேறு மரபணுக்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. (நம்மில் பலருக்கு இரண்டு கண்ணிலும் கருவிழியைச் சுற்றிப் படர்ந்திருக்கும் பழுப்பு நிறம் மச்சமே அல்ல.)

லேசரை முதலிலேயே ஒதுக்கினோம். நிறம் போய்விடும், சரி. ஆனால் சுட்டுப் பொசுக்கியபின் பயாப்ஸிக்கு (சதைப் பரிசோதனைக்கு) அனுப்பத் துணுக்குகூட மிஞ்சாது. பிறகு அதே இடத்தில் மறுபடி கருத்தால், முன்பு இருந்தது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

வெட்டி எடுத்தால் அந்தக் குறை இல்லை. சதை பரிசோதனைக்குப் போகும், பதில் கையில் கிடைக்கும். மச்சம் தடித்தாலோ, புது ரத்தக்குழாய்கள் அதை நோக்கி வந்தாலோ, கருவிழிமேல் ஏறினாலோ, இமையின் உட்புறத்தில் இருந்தாலோ, நடுவயதில் புதிதாக முளைத்தாலோ நானும் தயங்காமல் வெட்டத்தான் சொல்வேன். அந்த அறுவை எங்களுக்கு நடக்கவில்லை என்பதால் வலி, தழும்பு பற்றி என் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

காத்திருப்பதற்கு உயிர்நாடி பழைய படம். ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுண்ணோக்கி) வழியே எடுத்த படத்தை டாக்டர் பெரிதாக்கிக் காட்டினார்: மச்சத்துக்குள் வெந்த ஜவ்வரிசிபோல் கண்ணாடிக் குமிழ்கள். ஆபத்தில்லாத மச்சத்துக்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம் என்றார். பருவ வயதில் நிறம் ஏறுவது சகஜம். பார்க்க வேண்டியது அளவையும் தடிமனையும். பழைய படத்தில் 3 மி.மீ., புதியதிலும் 3 மி.மீ. அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன். இத்தகைய மச்சம் புற்றுநோயாவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

ஆனால் அந்தப் படத்தைப் பத்திரப்படுத்துவது நம் வேலை. முதலில் பார்த்த மருத்துவமனையில் படத்தைச் சேமித்தே வைக்கவில்லை; ஒப்பிட ஆதாரமில்லாமல் இரண்டு வருஷம் வீணானது. இப்போது ஒவ்வொரு முறையும் பிரதி கேட்டு வாங்கி, தேதியும் அளவும் எழுதி ஃபைலில் போடுகிறேன். செல்போன் படம் போதாது, குமிழ்கள் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் ஒரே உருப்பெருக்கம், ஒரே பார்வைத் திசை வேண்டும். அதை மகளே கற்றுக்கொண்டாள். கருவியில் முகவாயை வைத்ததும், யாரும் சொல்லாமலே மூக்குப் பக்கம் பார்வையைத் திருப்பிவிடுகிறாள்.