மேட்சுக்கு முன்னால் ஸ்டேக்கா, பாஸ்தாவா?

இங்கிலாந்துக் கால்பந்தில் ரொம்ப காலம் மேட்ச் நாள் சாப்பாடு என்றால் ஸ்டேக்கும் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு) சிப்ஸும்தான். மாட்டைத் தின்றால் மாட்டின் பலம் வரும் என்ற நம்பிக்கையோ என்னவோ. 1996-இல் ஜப்பானின் நகோயாவிலிருந்து ஆர்செனல் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்த ஆர்சென் வெங்கர் அதையெல்லாம் தூக்கிவிட்டு, வேகவைத்த கோழி, மீன், பாஸ்தா, காய்கறி என்று மாற்றினார். முதல் மேட்சுக்கு பிளாக்பர்ன் போன பஸ்ஸில், "எங்க மார்ஸ் சாக்லேட்டைத் திருப்பிக் கொடு" என்று வீரர்கள் கோஷமே போட்டார்களாம். மேட்சை 2-0 என்று ஜெயித்தார்கள், அது வேறு கதை.

சரி, எது மேல்? ஸ்டேக்கில் புரதம் உண்டு, இரும்புச்சத்து உண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் கொழுப்போடு சேர்ந்த இறைச்சி வயிற்றை விட்டு இறங்கவே நேரமாகும், 90 நிமிடத்தில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு வேண்டியதோ தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, அது வருவது மாவுச்சத்திலிருந்து. மேட்சுக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம் மாவுச்சத்து என்பது இப்போதைய கணக்கு. 70 கிலோ ஆளுக்கு இரண்டு கிராம் வீதம் 140 கிராம். வெறும் சோறாகப் போட்டால் அரை கிலோ! குழம்பில்லாமல் அதைத் தின்பதை நினைத்தால் எனக்கே மார்ஸ் கேட்கத் தோன்றுகிறது.

என் ஓட்டு பாஸ்தாவுக்குத்தான். ஸ்டேக் வேண்டுமா, மேட்ச் முடிந்த ராத்திரி சாப்பிடட்டும், அடிவாங்கிய தசைக்கு அப்போதுதான் அந்தப் புரதம் தேவை.