ஃப்ரீகேட்டும் பிளெண்டரும்: மேசை விளக்கு வடிவமைக்க இந்த ஜோடி போதுமா?

ஒரு மேசை விளக்கைக் கணினியில் வரைந்து, எரியும்போது எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிட, ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் கிடைக்கும் இந்த இரண்டு மென்பொருள்களே போதும். அளவு பிசகாமல் பொருளை வரைய ஃப்ரீகேட், அது ஒளியில் எப்படித் தெரியும் என்று படமாக்க பிளெண்டர். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் வாங்கப் பார்த்தால்தான் தலைவலி.

2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்புக்குப் பிறகே ஃப்ரீகேட்டைத் துணிந்து பரிந்துரைக்க முடிகிறது. முந்தைய பதிப்புகளில் முதல் ஸ்கெட்சில் (திடப்பொருளுக்கு அடிப்படையான தட்டை வரைபடத்தில்) ஒரு கோட்டை நகர்த்தினால், எந்த விளிம்பு எது என்பது மென்பொருளுக்கு மறந்துபோய், பின்னால் மழுக்கிய ஓரங்கள் எல்லாம் சிதறும். அந்தத் தொல்லை அடியோடு ஒழியவில்லை, வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வரைவதை பல்பிலிருந்து தொடங்குங்கள். பல்பை மூடும் ஷேட்டின் அழகில் மயங்கி ஆரம்பிப்பவர்கள், கடைசியில் பல்பை மாட்டக் கை நுழையவில்லை என்று நிற்பார்கள். வழக்கமான இ27 (27 மிமீ திருகு அடியுள்ள) எல்இடி பல்பின் விட்டம் 60 மிமீ, நீளம் ஏறக்குறைய 110 மிமீ. ஷேட்டுக்கும் பல்புக்கும் இடையே சுற்றிலும் 40 மிமீயாவது விடுங்கள். நெருக்கினால் ஷேட்டில் ஓர் இடம் மட்டும் பளீரென்று தெரியும். இந்த அளவுகளை ஃப்ரீகேட்டின் ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயரிட்டு எழுதி, ஸ்கெட்சில் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயர்களைக் கொடுத்துவிட்டால், பிறகு ஒரே கட்டத்தை மாற்றினால் முழு விளக்கும் மாறும்.

உருவாக்குவது எளிது: நிற்கும் தளத்தில் பாதி வெட்டுத்தோற்றத்தை வரைந்து, ரெவல்யூஷன் கருவியால் மைய அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றினால் திடப்பொருள் ஆகிவிடும். கோடு அச்சைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்த்தால் பிழை வரும். உள்ளே குடைந்து சீரான தடிமனில் சுவரை மட்டும் விட திக்னஸ் கருவி இருக்கிறது. ஆனால் 2 மிமீ சுவர் கேட்கும் இடத்தில் 1 மிமீ ஆரமுள்ள வளைவு இருந்தால் அது கைவிரிக்கும். உள்கோடு, வெளிக்கோடு இரண்டையும் ஸ்கெட்சிலேயே வரைந்து சுழற்றுவது மேல். ஹோல்டரைத் தாங்கும் எம்10 (10 மிமீ விட்டமுள்ள) மரைக்குழாய்க்கு 10.5 மிமீ துளை சரியாக இருக்கும். உடல் உலோகம் என்றால், இரட்டைக் காப்பு இல்லாத வரை எர்த் இழை கட்டாயம். மூன்று இழை ஒயர் தடிமனானது, அடித்தட்டில் அதற்கான வழியை முன்பே விட்டுவிடுங்கள்.

அடுத்து பிளெண்டர். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஃப்ரீகேட்டிலிருந்து வடிவத்தைக் கொண்டுபோக உதவும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. ஃப்ரீகேட் மில்லிமீட்டரில் எழுதும், பிளெண்டர் மீட்டராகப் படிக்கும். 300 மிமீ விளக்கு 300 மீட்டர் கோபுரமாகி நிற்கும். பல்பு எவ்வளவு எரிந்தாலும் இருட்டுத்தான். இறக்கும்போதே ஸ்கேலை 0.001 ஆக்குங்கள்.

வாட் கணக்கும் ஏமாற்றும். பிளெண்டரில் எழுதுவது மின்சார வாட் அல்ல, வெளிவரும் ஒளியின் ஆற்றல். 800 லூமென் பல்புக்குச் சுமார் 2 வாட் போதும். திறந்ததும் காட்சியில் இருக்கும் விளக்கோ 1000 வாட். அதை முதலில் அழியுங்கள். பல்பின் இடத்தில் பாயிண்ட் லைட் (எல்லாத் திசையிலும் ஒளி வீசும் விளக்கு) ஒன்றை வையுங்கள்: ஆரம் 0.03 மீ, நிறத்துக்கு பிளாக்பாடி (வெப்பநிலையை நிறமாக்கும் அமைப்பு) 2700 கெல்வின். ஆரம் பெரிதாக இருந்தால் ஒளிக்கோளம் ஷேட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும்.

துணி ஷேட்டுக்கு, ஒளியை ஊடுருவ விடும் டிரான்ஸ்லூசன்ட், ஒளியைச் சிதறித் திருப்பும் டிஃப்யூஸ் என்ற இரண்டு பரப்புத் தன்மைகளையும் கலக்க வேண்டும். ஆனால் டிரான்ஸ்லூசன்ட் மெல்லிய தாளை நினைத்துச் செய்யப்பட்டது. 2 மிமீ தடிமனுள்ள திடப்பொருளில் ஒளி இரண்டு பரப்புகளைக் கடக்க வேண்டியிருப்பதால் ஷேட் மங்கிப்போகும். படத்துக்கு மட்டும் ஒற்றைப் பரப்பாக ஷேட்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஷேட் என்றால் படத்தில் வெண்புள்ளிகள் சிதறும். புள்ளிகளை நீக்கும் டீனாய்ஸ் போட்டாலும் பொறுமை தேவை.

விளக்கை வெற்றுப் பின்னணியில் வைத்துப் பார்ப்பது வீண். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறை மாதிரி 2.6 மீ உயரத்தில் வெள்ளைச் சுவர்ப் பெட்டி ஒன்றைக் கட்டி அதற்குள் வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிதான் அறையின் நிறத்தைக் காட்டும்.

ஃப்ரீகேட்டுக்குள்ளேயே படம் எடுக்கும் வழிகள் உண்டு. விளக்கைப் பொறுத்தவரை அவை வீண் வேலை.

பாகங்களை முப்பரிமாண அச்சில் அச்சடிக்கும்போது ஒன்று: பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகும். எல்இடி பல்பு என்றாலும் ஹோல்டரைத் தொடும் பாகத்துக்கு, அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கைப் போடுங்கள். செய்ததை இங்கே சிங்கப்பூரில் விற்கப் போகிறீர்கள் என்றால், மேசை விளக்கு கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களில் ஒன்று. பதிவும் பாதுகாப்புச் சின்னமும் இல்லாமல் விற்கக் கூடாது.